எழும்பாத ராக்கெட்டும் பிஸ்கட் டின்னும்

(அறிவியல் மன்ற மாணவியர்)

இவ்வாண்டு எங்கள் அறிவியல் மன்றத்தில் ஒரு ராக்கெட் செய்தோம். கம்பியில்லாக் கட்டளையால் அது மேலே எழ வேண்டும் என்பது திட்டம். எழ வேண்டிய நேரத்தில் அது எழவில்லை. எழக் கூடாத நேரத்தில் எழுந்தது. முதலாவது எங்களுக்கு வெட்கத்தைத் தந்தது. இரண்டாவது எங்கள் தோழி ஒருத்தியின் கண்ணுக்கு மிக அருகில் வந்து போனது. ஆண்டு மலரில் வெற்றிகளை எழுதுவதே வழக்கம். எனினும் எங்கள் பிழைகளையும், அவற்றைத் தேடிப் பிடித்த வழியையும் எழுதலாம் என்று சிஸ்டர் அனுமதி தந்தார்கள். அடுத்த ஆண்டு மன்றத்தில் சேரப்போகும் தங்கைகளுக்கு இது பயன்படும் என்று நம்புகிறோம்.

பெற்றோர் அஞ்ச வேண்டாம். எங்கள் ராக்கெட்டில் வெடிமருந்து கிடையாது; தண்ணீரும் காற்றும்தான். இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றி, வாய் கீழே இருக்கும்படி மேடையில் நிறுத்தி, சைக்கிள் பம்பினால் காற்றை அடைக்கிறோம். பாட்டிலின் கழுத்தை ஒரு கவ்வி பிடித்துக்கொண்டிருக்கும். கவ்வி விரிந்துவிடாதபடி ஓர் இரும்பு ஊசி அதைப் பூட்டி வைத்திருக்கும். ஊசியை இழுத்தால் கவ்வி விரியும். நெருக்குண்ட காற்று தண்ணீரைக் கீழே பீய்ச்சும். பாட்டில் மேலே பாயும். நியூட்டனின் மூன்றாம் விதியை மனப்பாடம் செய்தவர்கள் அதனை அன்றுதான் கண்ணால் கண்டோம்.

தண்ணீர்தானே என்று எளிதாக எண்ணிவிடலாகாது. பாட்டிலின் வாய் ஏறத்தாழ 4 சதுர சென்டிமீட்டர். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 4 கிலோ எடைக்கு ஒப்பான அழுத்தம் வரை நாங்கள் காற்றை அடைத்தோம். ஆகவே கவ்வியை உதறிவிட்டு ஓடப் பார்க்கும் விசை, ஏறத்தாழ 16 கிலோ அரிசி மூட்டை ஒன்றின் கனத்திற்குச் சமம். அது முகத்தில் மோதினால் என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் ஊசியைக் கையால் இழுப்பதில்லை.

சென்ற ஆண்டு அக்காமார் நீளக் கயிறு கட்டி இழுத்தனர். கயிறு தொய்ந்து மேடையே சாய்ந்துவிட்டது. இவ்வாண்டு நாங்கள் கயிற்றை விட்டோம். காரின் கதவைப் பூட்டும் சென்ட்ரல் லாக் மோட்டார் ஒன்றைப் பழைய சாமான் கடையில் வாங்கி ஊசியோடு இணைத்தோம். 12 வோல்ட் கொடுத்தால் அது ஊசியை வெடுக்கென்று இழுத்துவிடும். மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடுவது ஒரு ரிலே. ரிலேயை இயக்குவது ஓர் ஆர்டுயினோ பலகை. அந்தப் பலகைக்குக் கட்டளை, முப்பது மீட்டர் தள்ளி நிற்கும் மாணவியின் கைப்பெட்டியிலிருந்து 2.4 கிகாஹெர்ட்ஸ் வானொலி அலையாக வரும்.

கம்பியில்லாமல் தூரத்தில் ஒரு காரியத்தை நடத்துவது நம் நாட்டிற்குப் புதிதன்று. 1895-ஆம் ஆண்டு கல்கத்தா டவுன் ஹாலில் ஜகதீச சந்திர போஸ் பொதுமக்கள் முன்னிலையில் இதனைச் செய்து காட்டினார். கண்ணுக்குத் தெரியாத அலையை அனுப்பித் தொலைவில் மணியை ஒலிக்கச் செய்தார். வெடிமருந்தையும் பற்ற வைத்தார். எங்கள் ஊசியை இழுத்த அலையும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் போஸ் அவர்களுடைய மணி, ஒலிக்க வேண்டிய நேரத்தில் ஒலித்தது.

எங்கள் சாதனம் முதலில் வகுப்பறையிலேயே மக்கர் செய்தது. எட்டுப் பென்சில் செல்களைத் தொடராக அடுக்கினால் 12 வோல்ட். மல்டிமீட்டரும் 12 என்றே காட்டியது. பொத்தானை அழுத்தினால் ரிலே மட்டும் 'டிக், டிக், டிக்' என்று பல்லியைப் போல் கத்தியது; மோட்டார் அசையவில்லை. பல்லி சொல்லுக்குப் பலன் பார்ப்பது போல் ஆளுக்கொரு பலன் சொன்னோம். ஒருத்தி ரிலே கெட்டுவிட்டது என்றாள். ஒருத்தி புரோகிராமில் தவறு என்றாள். ரிலேயை மாற்றினோம், புரோகிராமை மாற்றினோம், இரண்டு வாரம் போயிற்று. கடைசியில் எங்கள் இயற்பியல் டீச்சர் கேட்ட ஒரு கேள்வி வழி திறந்தது. "மோட்டார் ஓட முயலும்போது மீட்டர் என்ன காட்டுகிறது?"

நாங்கள் அதுவரை சும்மா இருக்கும் மின்கலத்தைத்தான் அளந்திருந்தோம். பொத்தானை அழுத்தியபடி அளந்தால் மீட்டர் 6 வோல்ட்டுக்குச் சரிந்தது! காரணம் எளிது. ஒவ்வொரு மின்கலத்துக்குள்ளும் சிறிது தடை உண்டு. எங்கள் பழைய செல் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ அரை ஓம். எட்டுக்குமாக 4 ஓம். மோட்டாரின் தடையும் 4 ஓம். ஓம் விதிப்படி 12 வோல்ட்டை 8 ஓமால் வகுத்தால் ஒன்றரை ஆம்பியர். அந்த மின்னோட்டத்தில் பாதி வோல்ட், அஃதாவது 6 வோல்ட், செல்களுக்குள்ளேயே செலவாகிவிடுகிறது. ஆர்டுயினோ பலகைக்கோ குறைந்தது 7 வோல்ட் உள்ளே வர வேண்டும். 6 வந்ததும் பலகை மயங்கி விழும்; ரிலே விடும்; ரிலே விட்டதும் சுமை நீங்கி மின்கலம் மறுபடி 12-க்கு ஏறும்; பலகை விழித்தெழும்; கட்டளை இன்னும் வந்துகொண்டிருப்பதால் ரிலேயை இழுக்கும்; மீண்டும் மயங்கும். இந்த மயக்கமும் விழிப்பும்தான் பல்லிச் சத்தம்.

மோட்டாருக்கு மோட்டார் சைக்கிள் பேட்டரி ஒன்றையும், பலகைக்குத் தனியாகச் சிறு மின்கலத்தையும் கொடுத்தோம். பல்லி அடங்கியது. சும்மா இருக்கும்போது நலமாகத் தோன்றுவது வேலை செய்யும்போதும் நலமாக இருக்கும் என்று எண்ணியதே எங்கள் தவறு. அதே தவற்றை வேறு வடிவில் இன்னொரு முறையும் செய்தோம். அதைப் பின்னர் சொல்கிறோம்.

சாதனத்தைத் தூக்கிக்கொண்டு காரங்காட்டிற்குப் போனோம். எங்களில் சிலருக்கு அது சொந்த ஊர். அங்கே அலையாத்திக் காட்டைப் பார்க்க வெளியூரிலிருந்தெல்லாம் மக்கள் வந்து படகில் சுற்றிப் போகிறார்கள். அலையாத்தியின் பக்கம் நாங்கள் போகவில்லை. அது பறவைகள் தங்கும் இடம். அவற்றைக் கலைக்க நமக்கு உரிமையில்லை. ஊருக்கு உள்பக்கமாக, சீமைக் கருவேல் சூழ்ந்த ஒரு பொட்டலைத் தேர்ந்தெடுத்தோம். ஆடு மாடு இல்லை, வீடு இல்லை, மேலே மின்கம்பி இல்லை. காற்று மட்டும் பலமாக அடித்தது. மணல் பறந்தது. அதனால், திறந்தே வைத்திருந்த பலகையை முதன்முறையாக அதன் பெட்டிக்குள் வைத்து மூடினோம். அந்தப் பெட்டி ஒரு பிஸ்கட் டின். கிறிஸ்துமஸ் பிஸ்கட் வந்த அழகான தகர டின்.

காற்றடைத்தோம். எல்லோரும் பின்வாங்கினோம். பத்திலிருந்து ஒன்று வரை உரக்க எண்ணினோம். பொத்தான் வைத்திருந்த அக்கா அழுத்தினாள். ஒன்றுமில்லை. மறுபடி அழுத்தினாள். ஒன்றுமில்லை. விடாமல் அழுத்திக்கொண்டே நின்றாள். அப்போது ஒன்பதாம் வகுப்புத் தோழி ஒருத்தி, யாரையும் கேளாமல், மேடையை நோக்கி ஓடினாள். பலகையில் விளக்கு எரிகிறதா என்று பார்ப்பதற்காக டின்னின் மூடியைத் திறந்தாள்.

அந்தக் கணமே பாட்டில் பாய்ந்தது. தண்ணீர் அவள் முகத்தில் அறைந்தது. மூக்குக் கண்ணாடி தெறித்து விழுந்து ஒரு வில்லை உடைந்தது. பாட்டில் அவள் காதோரமாகப் போயிற்று. அவளுக்கு அடி ஒன்றும் இல்லை; இறைவனுக்கு நன்றி. நனைந்து நின்ற அவள் கையில் டின் மூடி இருந்தது. அக்காவின் விரல் இன்னும் பொத்தானின்மேல் இருந்தது. ராக்கெட் பறந்துவிட்டதே என்று எங்களில் யாரும் கை தட்டவில்லை.

டீச்சர் ஒரு வார்த்தையும் திட்டவில்லை. அது திட்டுவதைவிடக் கடினமாக இருந்தது. சாதனம் மூன்று வாரம் அலமாரியில் பூட்டப்பட்டது. அந்த மூன்று வாரத்தில் ஏன் என்பதை எழுத்தில் தர வேண்டும் என்று மட்டும் சொன்னார்கள்.

மூடி திறந்ததும் ஏன் பாய்ந்தது? 1836-ஆம் ஆண்டு மைக்கேல் ஃபாரடே, உலோகத்தால் நாற்புறமும் சூழப்பட்ட ஓர் அறைக்குள் வெளியிலிருந்து மின் விளைவு நுழைவதில்லை என்று காட்டினார். தகர டின் அத்தகைய ஓர் அறைதான். வானொலி அலை அதன் சுவரில் பட்டதும் உலோகத்திலுள்ள எலெக்ட்ரான்களை ஆட்டிவிட்டுத் திரும்பிவிடும். வீட்டில் சோதிக்க விரும்புவோர் பாடிக்கொண்டிருக்கும் சிறு டிரான்சிஸ்டர் ரேடியோவைத் தகர டின்னில் வைத்து மூடிப் பாருங்கள்; பாட்டு அடங்கிவிடும். வகுப்பில் நாங்கள் ஒரு நாளும் மூடியை மூடிச் சோதிக்கவில்லை. பொட்டலில் மூடினோம், கட்டளை வெளியிலேயே நின்றது. தோழி மூடியைத் திறந்தாள். வாசலில் காத்திருந்த கட்டளை உள்ளே நுழைந்தது.

பின்னர் ராக்கெட் இல்லாமல், மோட்டாருக்குப் பதிலாக ஒரு விளக்கை மட்டும் வைத்துப் பள்ளி மைதானத்தில் அளந்தோம். மூடி திறந்திருந்தால் நாற்பது அடி எடுத்து வைத்துப் போன பின்பும் விளக்கு எரிந்தது. மூடினால் ஆறாவது அடியிலேயே அணைந்தது. டின்னை விட்டுப் பிளாஸ்டிக் டிபன் பாக்ஸுக்கு மாறினோம்.

அதன் பிறகும் சில வேளை கட்டளை தவறியது. யாராவது நடுவில் நின்றால் தவறுகிறது என்பதை ஆறாம் வகுப்புத் தங்கை ஒருத்திதான் கவனித்துச் சொன்னாள். இந்த அலையின் நீளம் பன்னிரண்டரை சென்டிமீட்டர்தான். மத்திய அலை வானொலியின் அலையோ சில நூறு மீட்டர் நீளம்; அது ஆளையும் மரத்தையும் பொருட்படுத்தாமல் சுற்றிக்கொண்டு போய்விடும். எங்கள் குட்டை அலைக்கு மனித உடல் பெரிய சுவர். உடலில் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீர் இந்த அலையை விழுங்கும். தண்ணீர் நிறைந்த எங்கள் பாட்டிலும் அவ்வாறே. பெட்டியைத் தரையில், பாட்டிலுக்குப் பின்னால் வைத்திருந்தோம். அதனை ஒரு சவுக்குக் கம்பில் மார்பளவு உயரத்தில் கட்டினோம். எதிரே யாரும் நிற்காதபடி பார்த்துக்கொண்டோம். நூறு முறை அழுத்தினோம். நூறு முறையும் விளக்கு எரிந்தது.

பிழை தேடும் முறையைப் பற்றி இங்கே சிறிது சொல்ல வேண்டும். எங்கள் சங்கிலியில் எட்டுக் கண்ணிகள்: கைப்பெட்டியின் மின்கலம், அதன் பொத்தான், அனுப்பும் கருவி, இடையிலுள்ள வெளி, வாங்கும் பலகை, ரிலே, கம்பி இணைப்புகள், மோட்டார். முதலிலிருந்து ஒவ்வொன்றாகச் சோதித்தால் எட்டுச் சோதனை ஆகலாம். நடுவில் வெட்டினால் மூன்று போதும். பலகைக்குக் கட்டளை வந்ததா? வந்தது என்றால் முதல் நான்கும் நலம். மீதி நான்கின் நடுவே மறுபடி வெட்டு. எட்டு நான்காகும், நான்கு இரண்டாகும், இரண்டு ஒன்றாகும். சாக்கு மூட்டையில் ஊசியைத் தேடுவோர் மூட்டையைப் பாதியாகக் கொட்டிப் பார்ப்பது போல. ஆனால் ஒரே ஒரு குற்றம் இருந்தால்தான் இந்தக் கணக்குச் செல்லும். எங்களுக்கு டின்னும் தரையும் சேர்ந்தே குற்றம் செய்தன. ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், மாற்றியதை நோட்டில் எழுத வேண்டும் என்று டீச்சர் சொன்னபோது எங்களுக்குச் சலிப்பாக இருந்தது. நோட்டு இல்லாவிட்டால் இந்தக் கட்டுரையே இல்லை.

ஆனால் இவையெல்லாம் ராக்கெட் ஏன் எழவில்லை என்பதற்கு விடை. டீச்சர் கேட்டது அதுவன்று. தோழி ஏன் அருகில் போக முடிந்தது என்பதே அவர்கள் கேட்டது.

இதற்கு விடை எங்களுக்கு முன்பே பலர் கண்டிருந்தனர். 1957-ஆம் ஆண்டு ஸ்புட்னிக் விண்ணில் ஏறியபின் அமெரிக்கச் சிறுவர் பலர் வீட்டிலேயே மருந்து இடித்து ராக்கெட் செய்து கையையும் கண்ணையும் இழந்தனர். அங்கே நெப்ராஸ்கா மாநிலத்தில் செருப்புக் கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைல் என்பவர், தொழிற்சாலையில் செய்த சிறு மோட்டாரை மட்டும் வைத்துக் காகித ராக்கெட் விடும் முறையை ஏற்கெனவே கண்டிருந்தார். ராக்கெட் பொறியாளரான ஹாரி ஸ்டைன் அதற்கு விதிகள் வகுத்தார். அந்தப் பொழுதுபோக்கு ராக்கெட்காரர்கள் இன்றும் கைக்கொள்ளும் விதிகளில் எங்களை உலுக்கியவை இவை: ஏவும் பொத்தான், விரலை எடுத்ததும் தானே அணைய வேண்டும். அதோடு தொடராக ஒரு பாதுகாப்புப் பூட்டும் இருக்க வேண்டும். அழுத்தியும் ராக்கெட் எழவில்லை என்றால் பூட்டை எடுத்துவிட வேண்டும் அல்லது பேட்டரியைக் கழற்ற வேண்டும். அதன் பின்பும் 60 வினாடி கழியும் வரை யாரும் அருகில் போகக் கூடாது.

எங்கள் சாதனத்தில் பூட்டே இல்லை. அறுபது வினாடி என்ன, ஆறு வினாடிகூட நாங்கள் பொறுக்கவில்லை.

பெரியவர்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது. 1960 நவம்பர் 21 அன்று அமெரிக்காவில் மெர்க்குரி-ரெட்ஸ்டோன் என்னும் ராக்கெட்டை ஆளில்லாமல் ஏவினர். அது ஏறத்தாழ நான்கு அங்குலம் எழுந்து, எஞ்சின் அணைந்து, மேடையிலேயே திரும்ப உட்கார்ந்துவிட்டது. உச்சியிலிருந்த தப்பிக்கும் கோபுரம் மட்டும் தனியே சீறிப் பறந்தது. பின்னர் பாராசூட்டுகள் வெளியே விழுந்து ராக்கெட்டின் பக்கவாட்டில் தொங்கின. காரணம் அற்பமானது. எழும்போது அடியிலிருந்து இரண்டு மின் இணைப்புகள் வரிசைப்படி கழல வேண்டும். அன்று வரிசை மாறியது. வினாடியில் ஆயிரத்தில் 29 பங்கு நேரம் ஒன்று முந்திவிட்டது. அந்த இடைவெளியில் மின்சாரம் வேறு வழியில் ஓடி, 'எஞ்சினை அணை' என்னும் ரிலேயை இழுத்துவிட்டது. எரிபொருள் நிறைந்து, மின்கலம் உயிரோடு, பிடிப்பு ஒன்றும் இன்றி நிற்கும் ராக்கெட். பாராசூட்டில் காற்றுப் பிடித்தால் சாய்ந்துவிடும். துப்பாக்கியால் சுட்டுத் தொட்டியை ஓட்டையிட்டு அழுத்தத்தை இறக்கலாமா என்றுகூட யோசனை வந்ததாம்! கடைசியில் அவர்கள் செய்தது ஒன்றும் செய்யாமல் இருந்ததுதான். மின்கலம் தீரும் வரை, திரவ ஆக்சிஜன் ஆவியாகும் வரை, மறுநாள் காலை வரை காத்திருந்தார்கள்.

சரியாக மூன்று ஆண்டு கழித்து, 1963 நவம்பர் 21 அன்று, நம் பக்கத்துக் கேரளத்தில் தும்பா என்னும் மீனவர் கிராமத்திலிருந்து இந்தியாவின் முதல் ராக்கெட் ஏறியது. அங்கிருந்த புனித மரிய மதலேனாள் ஆலயத்தைத் திருவனந்தபுரம் ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரைரா விஞ்ஞானிகளுக்கு விட்டுக்கொடுத்ததும், அவ்வாலயத்திலேயே ராக்கெட்டின் பாகங்கள் பொருத்தப்பட்டதும் பலர் அறிந்ததே. ராக்கெட்டைப் பொருத்தும் பணியிலும் பாதுகாப்பிலும் பொறுப்பேற்றிருந்தவர் நம் இராமேசுவரத்து அப்துல் கலாம் அவர்கள். ஏவுமேடையில் ஏற்றும்போது கிரேனின் எண்ணெய் கசிந்து ராக்கெட் சாயத் தொடங்கியது, நேரமோ நெருங்கிவிட்டது. எல்லோரும் சேர்ந்து கையாலேயே தூக்கி மேடையில் வைத்தனர். இதைப் படித்ததும் எங்களுக்குள் ஒரு வாக்குவாதம். "அவர்கள் தொட்டார்களே, நாங்கள் தொட்டால் மட்டும் என்ன?" என்று ஒருத்தி கேட்டாள். மற்றொருத்தி சொன்ன விடை எங்களுக்குப் பிடித்திருந்தது: கட்டளை கொடுப்பதற்கு முன் கை வைக்கலாம், கட்டளை கொடுத்த பிறகு கூடாது.

கலாம் அவர்களே பின்னாளில் பல மேடைகளில் சொல்லிய இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. 1979 ஆகஸ்ட் 10 அன்று எஸ்.எல்.வி.-3 ராக்கெட்டின் எண்ணிக்கை கடைசிக் கட்டத்தில் இருந்தபோது, கட்டுப்பாட்டுப் பகுதியில் கசிவு இருப்பதைக் கண்டு கணினி 'நிறுத்து' என்றது. போதிய திரவம் இருக்கிறது என்று வல்லுநர்கள் கூற, அவர் கணினியை மீறி ஏவச் செய்தார். இரண்டாம் கட்டம் கட்டுப்பாட்டை இழந்து, ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. மறு ஆண்டு ஜூலை 18 அன்று அதே எஸ்.எல்.வி.-3 ரோகிணியைச் சுற்றுப்பாதையில் வைத்தது. அதன் பின்னர் 2001 மார்ச் 28 அன்று ஜி.எஸ்.எல்.வி.யின் பக்க மோட்டார் ஒன்று போதிய விசை தரவில்லை என்று கணினி கண்டு, புறப்பட ஒரு வினாடி இருக்கையில் நிறுத்திவிட்டது. யாரும் அதை மீறவில்லை. மூன்று வாரத்தில், ஏப்ரல் 18 அன்று, அது பறந்தது. 2023 அக்டோபர் 21 காலை ககன்யான் சோதனை ராக்கெட்டை 5 வினாடி இருக்கும்போது கணினி நிறுத்தியதைத் தொலைக்காட்சியில் பார்த்த எங்களுள் பலர் அன்று "போச்சு" என்று வருந்தினோம். அன்று காலை 10 மணிக்கே அது நலமாகப் பறந்தது. நிற்கத் தெரிந்த ராக்கெட்டை இப்பொழுது நாங்கள் வேறு கண்ணால் பார்க்கிறோம்.

எங்கள் சாதனத்தை மாற்றி அமைத்தோம். கைப்பெட்டியில் ஒரு சாவி வைத்தோம். சாவி இல்லாவிட்டால் பொத்தான் ஊமை. முன்பு கைப்பெட்டி பேசும், பலகை கேட்கும், அவ்வளவுதான். கயிறோ கம்பியோ இருந்தால் அறுந்ததைக் கண்ணால் பார்க்கலாம். காற்றில் போகும் கட்டளை அறுந்ததை யார் பார்ப்பது? ஆகவே இப்பொழுது பலகை பதில் சொல்ல வேண்டும். 'கேட்கிறது' என்று பதில் வந்தால் கைப்பெட்டியில் பச்சை விளக்கு எரியும்; பச்சை எரியாமல் பொத்தானைத் தொடுவதில்லை. ஒரு வினாடி பேச்சு நின்றால் பலகை எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, சாவியைத் திருப்பி முதலிலிருந்து தொடங்கும் வரை எந்தக் கட்டளைக்கும் செவி சாய்க்காது. வாசலில் காத்திருந்து உள்ளே நுழையும் கட்டளை இனி இல்லை. மேடையருகே மோட்டாரின் கம்பியில் ஒரு பிளக் வைத்தோம். கடைசியாக மேடையை விட்டு வருபவர் அதைச் செருகிவிட்டு வர வேண்டும். முதலில் மேடைக்குப் போகிறவர் அதைப் பிடுங்கிய பிறகே வேறெதையும் தொடலாம்.

இத்தனையும் செய்தபின் மீண்டும் பொட்டலுக்குப் போனோம். பச்சை விளக்கு எரிந்தது. பொத்தானை அழுத்தினோம். ஒன்றுமில்லை!

இம்முறை யாரும் ஓடவில்லை. சாவியை எடுத்தோம். அறுபது எண்ணினோம். அறுபது இவ்வளவு நீளம் என்று அன்றுதான் தெரிந்தது. பிறகு டீச்சர் மட்டும் போய்ப் பிளக்கைப் பிடுங்கி, காற்றை இறக்கினார்கள்.

மோட்டாரின் கம்பி நலமா என்று பார்க்கச் சிறு எல்.இ.டி. விளக்கு ஒன்று வைத்திருந்தோம். அது நன்றாகவே எரிந்தது. குழம்பி நின்றபோது, வேடிக்கை பார்க்க வந்திருந்த மாணவி ஒருத்தியின் அப்பா அருகில் வந்தார். அவர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். கம்பியின் முனையைக் கையில் எடுத்து வெயிலில் பார்த்தார். "களிம்பு ஏறிப் போச்சு பாரும்மா. உப்புக் காத்துல இப்படி விட்டா வயரு தாங்குமா? நாங்க பேட்டரி முனைக்கெல்லாம் கிரீஸ் தடவித்தான் வைப்போம்" என்றார்.

அளந்தோம். பச்சைக் களிம்பு பிடித்த அந்த இணைப்பில் 4 ஓம் தடை. எல்.இ.டி.க்கு வேண்டியது ஐம்பதில் ஒரு பங்கு ஆம்பியர்தான், அதில் இழப்பது ஒரு வோல்ட்டின் பத்தில் ஒரு பங்குகூட இல்லை, அதனால் எரிந்தது. மோட்டாருக்கு 3 ஆம்பியர் வேண்டும். களிம்பு பாதியைத் தின்றுவிட்டது. மறுபடி அதே 6 வோல்ட்! சும்மா இருக்கும் மின்கலத்தை அளந்து ஏமாந்தவர்கள், இம்முறை சிறு சுமையைக் கொடுத்துப் பெரிய சுமைக்குச் சான்று பெற்றிருந்தோம். இப்பொழுது சோதனைக்கு மோட்டார் சைக்கிளின் 35 வாட் முகப்பு விளக்கை வைத்திருக்கிறோம். அதுவும் ஏறத்தாழ 3 ஆம்பியர் கேட்கும். அது பளீரென்று எரிந்தால் மோட்டாரும் ஓடும். மங்கினால் களிம்பைத் தேட வேண்டும். முனைகளைச் சுரண்டி, பற்றாசு வைத்து, அந்த அப்பா சொன்னபடி கிரீஸ் தடவினோம்.

சாவியை யார் வைத்திருப்பது என்பதில் எங்களுக்குள் போட்டி இருந்தது. பெரிய வகுப்பு அக்காதான் வைத்திருக்க வேண்டும் என்று சிலர் கூறினர். டீச்சர் வேறு விதமாக முடிவு செய்தார்கள்: மேடைக்கு யார் நடந்து போகிறாளோ அவள் கழுத்தில்தான் சாவி. அவள் அங்கே குனிந்து நிற்கும் வரை உலகத்தில் வேறு எவராலும் அந்த ராக்கெட்டை ஏவ முடியாது. இவ்வாண்டு அந்தப் பொறுப்பு கண்ணாடி உடைந்த தோழிக்குத் தரப்பட்டது. ஒரு பச்சை நூலில் கோத்து மாட்டிக்கொண்டாள்.

கடைசிச் சோதனையன்று அவள் காற்றடைப்பதை மேற்பார்த்து, பிளக்கைச் செருகி, எங்களை ஒருவர் விடாமல் எண்ணிப் பார்த்த பிறகுதான் சாவியைக் கழற்றித் தந்தாள். எண்ணிக்கையில் ஒருத்தி குறைந்தாள். கருவேல மரத்தடியில் செருப்பில் குத்திய முள்ளை எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் வந்து சேரும் வரை சாவி கிடைக்கவில்லை. பின்பு பொத்தான் அழுத்தப்பட்டது. பாட்டில் எழுந்தது, தென்னை உயரத்தைத் தாண்டிப் போயிற்று, காற்றில் சாய்ந்து சீமைக் கருவேல் புதரின் நடுவே விழுந்தது. அதை மீட்க அரைமணி நேரமும் இரண்டு துப்பட்டாக்களும் செலவாயின.

பிஸ்கட் டின் மன்ற அலமாரியில் இருக்கிறது. உடைந்த வில்லையை அதற்குள் போட்டு மூடி வைத்திருக்கிறோம்.